பேரீச்சம்பழத்துக்குப் போன ஸ்பேனர்கள்

அறுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். என் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் வாடகைக்குக் கார் ஓட்டினார். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து, நாலு கை மாறி எங்களிடம் சேர்ந்த கார். அதற்கு அவர் காட்டிய மரியாதையில் பாதி எனக்குக் கிடைத்திருந்தால் இதை எழுதும் வேலையே வந்திருக்காது.

காரோடு வந்த ஸ்பேனர்கள் ஒரு சாக்குப்பை நிறையத் துருப்பிடித்துக் கிடந்தன. அவர் மதுரையிலிருந்து பளபளவென்று புது செட் வாங்கி வந்ததும், இனி இந்தக் குப்பை எதற்கு என்று, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவரிடம் பையோடு போட்டுவிட்டேன். பழத்தை அவரும்தான் தின்றார். ஏது என்று கேட்கவில்லை.

நாலாம் நாள் காலை, முன்சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் நட்டைக் குறடால் திருகிக் கழற்றி, கம்பியைச் சரிசெய்து மாட்டினார். இறுக்கும்போது புது செட்டில் பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர் அந்த நட்டில் ஏறவில்லை. பதினாறு தொளதொளவென்று ஆடியது. புதுசு மில்லிமீட்டர் கணக்கு. பழைய இங்கிலீஷ் காருக்கு அவர்கள் ஊர் அளவே தனி. புது செட்டை அவர் வாங்கியது லாரி ரிப்பேருக்குப் போக என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பழைய பை எங்கே என்று கேட்டார். அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். குழம்பில் உப்புக் கூடியதற்குத் தட்டை வாசலில் எறிந்தவர். தெரியாது என்றேன்.

ரம்பத் துண்டு ஒன்றை இடுக்கில் செருகி, பதினாறை வைத்தே முறுக்கினார். வழுக்கி வழுக்கி நட்டின் மூலைகள் தேய்ந்தன. நட்டு கழலாமல் குறுக்கே செருகும் பின்னைப் போடும் அளவுக்கு அது இறுகவில்லை. பின்னுக்குப் பதில் கம்பியைச் சுற்றிக் கட்டினார்.

“திருச்சுழி போய்ட்டு வர தாங்கும்” என்று காரைப் பார்த்துச் சொன்னார்.

அந்த நட்டு கழன்றால் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது என்று முன்பு என்னிடம் சொன்னவரும் அவர்தான். பலசரக்குக் கடைக்காரரையும் அவர் மனைவியையும், காது குத்த வேண்டிய கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கல்நெஞ்சக்காரி என்று என்னை நானே பிறகு எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

கார் தெருமுனை திரும்பியதும் வீட்டிலிருந்த ஒரு பித்தளைச் செம்பை எடுத்தேன். பழைய இரும்புக்காரரின் கொட்டகைக்கு ஓடினேன். பை குவியலுக்கு அடியில் அப்படியே கிடந்தது. செம்பைக் கொடுத்து அதை மீட்டுக்கொண்டு திருச்சுழி பஸ்ஸில் ஏறினேன்.

வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே போனேன். கருவேல மரங்களுக்கு இடையில் கறுப்பாக எது தெரிந்தாலும் எங்கள் கார்தான். பள்ளத்தில் படுத்துக் கிடந்த எருமையைப் பார்த்துக் கத்தியேவிட்டேன். கண்டக்டர் முறைத்தார்.

பாதி வழியில் கார் ஓரமாக நின்றது; பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். வேப்பமரத்தடியில் அந்தக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஸ்டியரிங் உதறியதும் என் வீட்டுக்காரர் பயந்து நிறுத்திவிட்டாராம். காருக்கு அடியில் படுத்திருந்தவர் பக்கத்தில் பையை வைத்தேன். அவர் துழாவி எடுத்த வளைய ஸ்பேனர், தேய்ந்த நட்டையும் கச்சிதமாகப் பிடித்தது.

இறுக்குவதைப் பாதியில் விட்டு வெளியே வந்து, பை எங்கே இருந்தது என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால் அவர் மரத்தடியில் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாங்க செத்தாலும் சரின்னு வாய மூடிக்கிட்டு நின்னியே, எம்மேல அம்புட்டுப் பயமா?”

ஆமாம் என்றேன்.

அவர் மறுபடி காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நட்டை இறுக்கிப் பின் போட்ட பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை.