கராம்புப் பீரங்கிகள்

கேக் வேகும் தட்டில் விரிக்கிற மெழுகுக் கடதாசி. அதில் பென்சிலால் வரைந்த ஓர் இலங்கை. அதன் கரையோரம் முழுவதும் கராம்புகள். மொட்டுத் தலை கடலைப் பார்க்க, காம்பு நாட்டைப் பார்க்க, ஒரே இடைவெளியில் அடுக்கி வைத்த கராம்புகள். சுவிஸ் நாட்டில், இன்டர்லாக்கனில் நான் வேலை செய்த ஹோட்டல் சமையலறையில், மத்தியானச் சாப்பாடு முடிந்து மேசை துடைக்கப்பட்ட பிறகு அந்தக் கடதாசி விரிக்கப்படும். தற்செயலாக உள்ளே வந்து பார்த்தவர்கள் ஏதோ புதுவிதமான பலகாரம் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அது ஒரு நாட்டின் பாதுகாப்புத் திட்டம். கராம்பு ஒவ்வொன்றும் ஒரு பீரங்கி, தலைமைச் சமையற்காரர்தான் அவற்றுக்குத் தளபதி.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதியாக விண்ணப்பித்திருந்த எனக்கு அங்கே மரக்கறி வெட்டும் வேலை. தலைமைச் சமையற்காரரை எல்லோரும் ‘ஷெஃப்’ என்றே கூப்பிடுவார்கள். இங்கும் அப்படியே சொல்லிவிடுகிறேன். என்னைவிட நாலைந்து வயது கூடியவர். சோஸ் கொஞ்சம் தடித்துவிட்டால் வானம் இடிந்து விழுந்ததுபோல் கத்துவார், பிறகு தானே போய் எல்லோருக்கும் கோப்பி ஊற்றிக்கொண்டு வருவார். வருடத்தில் மூன்று கிழமை ஆளைக் காணக் கிடைக்காது. விடுமுறையில் போகிறார் என்றுதான் முதல் வருடம் நினைத்திருந்தேன். ஒருநாள் ரயில் நிலையத்தில் பத்துப் பன்னிரண்டு சிப்பாய்களோடு பச்சைச் சீருடையில் நின்றார். அந்த நாட்டில் சமையற்காரர், தச்சர் என்று ஆண்கள் எல்லோரும் வருடத்தில் சில கிழமை ராணுவத்துக்குப் போக வேண்டுமாம். எங்கள் ஊரில் அந்தப் பச்சையைக் கண்டால் கால் தானாகவே பக்கத்து ஒழுங்கைக்குத் திரும்பிவிடும். திரும்ப ஒழுங்கை இல்லாததால் அப்படியே நின்றுவிட்டேன். ஷெஃப் கையசைத்தார். சிப்பாய்கள் துப்பாக்கிகளைக் குடைகளைப்போல உட்காரும் வாங்கில் சாத்திவிட்டுக் கோப்பி குடிக்கப் புறப்பட்டார்கள். சாமான்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று எனக்குச் சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார். பன்னிரண்டு துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் உட்கார்ந்தது கிடையாது.

அன்றிலிருந்து எனக்கு அரிப்புத் தொடங்கிவிட்டது. எதையும் ஏன், எப்படி என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் நடந்துபோனபோது ஒரு வைக்கோல் கொட்டிலைக் கண்டேன். மரச் சுவர், ஜன்னல், ஜன்னலில் சிவப்புப் பூந்தொட்டி. பூ ஏன் காற்றுக்கு ஆடவில்லை என்று கிட்டப் போய்த் தட்டிப் பார்த்தால், மரம், ஜன்னல், பூ எல்லாமே கொங்கிரீட்டில் தீட்டிய சித்திரம். மறுநாள் ஷெஃப்பிடம் கேட்டேன். அங்கே ஒன்றுமில்லை என்றார். வரைபடத்தில் தேடினேன், அங்கேயும் உண்மையாகவே ஒன்றுமில்லை. கடைசியில் சிரித்துக்கொண்டே, எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதைத்தான் நாங்கள் படத்தில் கீறுவதில்லை என்றார். ஊரில் நில அளவை அலுவலகத்தில் எட்டு வருடம் படவரைஞராக இருந்தவன் நான். கண்ணால் கண்டதைக் கீறாமல் விடுவது எங்கள் தொழிலில் பெரும் குற்றம். அதைக் கடமையாகச் செய்கிற நாடும் இருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

அந்தத் தொழிலை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. பேர்னில் நடந்த அகதி விசாரணையில்கூட, அலுவலகத்தில் கடிதம் எழுதும் எழுதுவினைஞர் என்றுதான் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டபோது யாழ்ப்பாண நகரம் என்றேன். ஏன் வந்தாய் என்று கேட்டபோது பயம் என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் அம்மா தனியாக இருந்தா. இங்கே சொல்வது கோப்பில் ஏறி, கோப்பு எங்கேயாவது போய், அங்கே அம்மாவின் வாசலில் போய் நிற்கும் என்று நம்பினேன். அவவின் கடிதங்களும் கொழும்பில் இருந்த சித்தியின் விலாசத்திலிருந்துதான் வந்தன. அதனால் முடிவுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். தலைவிதி என்ன என்று தெரியாமல் கரட் வெட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

என்னைக் காட்டிக்கொடுத்தது ஷெஃப்பின் படம்தான். ராணுவத்தில் பதவி உயர்வுக்காக அவர் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. பலம் வாய்ந்த அயல்நாட்டுக்கு முன்னால் இருக்கும் ஒரு தீவை எப்படிக் காப்பது என்பது தலைப்பு. கைக்கெட்டிய தூரத்தில் மரக்கறி வெட்ட ஒரு தீவுக்காரன் இருக்கும்போது வேறு தீவு எதற்கு என்று எங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். மத்தியான ஓய்வு நேரத்தை அங்கே ‘சிம்மர்ஸ்டுண்டே’ என்பார்கள், எல்லோரும் அறைக்குப் போய்ப் படுக்கிற நேரம். அவர் போகாமல் அட்லஸைப் பார்த்து இலங்கையை வரைந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மாங்காய்போல ஒன்று இருந்தது. வடக்கே யாழ்ப்பாணமே இல்லை, சுத்தமாக வழித்துவிட்டிருந்தார். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பென்சிலை வாங்கிப் புதுக் கடதாசியில் முழுக் கரையையும் வரைந்தேன். கடல்நீரேரி, ஆனையிறவு, தீவுகள், மணல் திட்டிகள் எல்லாம் வந்தன. எல்லாம் முடிய ஷெஃப் என் கையைப் பார்த்தார். நீ எழுதுவினைஞன் இல்லை என்றார்.

அடுத்த இரண்டு மாதங்கள் நாங்கள் இலங்கையைக் காப்பாற்றினோம். வடக்குக் கடல் எவ்வளவு ஆழம் என்று கேட்டார். பல இடங்களில் மீனவர் வள்ளத்திலிருந்து குதித்தால் தண்ணீர் இடுப்புக்குத்தான் வரும் என்றேன். பெரிய கப்பல் வர முடியாதே என்று அவர் முகம் குழந்தையின் முகம்போல மலர்ந்தது. காற்று எந்த மாதம் திரும்பும், எந்த வீதி மழைக்கு அறுந்துபோகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கராம்புகளை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. எங்கள் கரையை இவ்வளவு கவனமாகக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் யோசித்து நான் கண்டதில்லை. ஒரு சுவிஸ் சமையற்காரராவது யோசிக்கிறாரே என்றிருந்தது.

அவர் தன் நாட்டைப் பற்றியும் சொன்னார். உலகப் போர்க் காலத்தில் சுவிசும் ஒரு தீவுதான், சுற்றிவரக் கடலுக்குப் பதிலாகப் பகைவன். அப்போது போட்ட திட்டம், படையை மலைகளுக்குள் இழுத்துக்கொண்டு சமவெளியைக் கைவிடுவது. சமவெளியில் இருந்த சனத்துக்கு என்ன கதி என்று கேட்டேன். தன் அம்மா அப்போது லாங்கன்தாலில் இருந்தா என்றார். அப்பா மலைக்குள், பீரங்கிக்குப் பக்கத்தில். அம்மா சமவெளியில், கைக்குழந்தையோடு. பகைவன் வந்தால் கணவனின் பீரங்கி தனக்காகச் சுடாது என்று அவவுக்குத் தெரிந்திருந்ததாம்.

பாத்திரம் கழுவும் அண்ணை ஒருவர் எங்களோடு வேலை செய்தார், ஊர்க்காரர், எனக்கு அறையும் பிடித்துத் தந்தவர். அவருக்கு இந்த விளையாட்டு பிடிக்கவே இல்லை. “உவர் ஆமிக்காரன் எண்டதை மறந்துபோட்டு இருக்கிறாய். சமையல் தொப்பியைக் கழட்டினால் உள்ளுக்கை மற்றத் தொப்பி. உவரோடை உதெல்லாம் கதையாதை” என்றார். நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் அண்ணை நினைத்த அளவுக்கு நான் முட்டாள் இல்லை. அந்தப் படத்தில் ஓர் இடத்தை நான் கீறவே இல்லை. நீரேரிக்குத் தெற்கே விரல்நுனி அளவு வெறுமை. அது எங்கள் ஊர்.

புரட்டாதி மாதம் பேர்னிலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. சொன்னது தெளிவாக இல்லை, குறிப்பான இடமோ சம்பவமோ இல்லை, சொந்த நாட்டின் பாதுகாப்பை நாடவில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். மேன்முறையீடு செய்ய முப்பது நாள் தந்திருந்தார்கள். கடிதத்தை ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அன்று மத்தியானமும் ஷெஃப் கடதாசியை விரித்தார். கட்டுரை முடியப் போகிறது, ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் என்றார். இந்தப் பீரங்கிகளை வைத்திருக்கும் படை இப்போது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கேட்டார். அயலானைக் கண்டு நீங்கள் எவ்வளவு பயப்படுகிறீர்கள் என்றும் கேட்டார்.

அந்த அயலானிடம்தான் எங்கள் சனம் வள்ளத்தில் ஓடுகிறது என்றேன். பிறகு கையை நீட்டி, வடக்கே இருந்த கராம்புகளை ஒவ்வொன்றாக விரல்நுனியால் திருப்பினேன். கடலைப் பார்த்த தலைகள் நாட்டைப் பார்த்தன. ஏழு கராம்பு. ஷெஃப்புக்கு முதலில் கோபம்தான் வந்தது. எந்தப் படையும் இப்படி நிற்காது, நீ என் கட்டுரையைக் குழப்புகிறாய் என்று சத்தம் போட்டார். பிறகு அவர் குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். ஏழும் ஒரே இடத்தைத்தான் பார்க்கின்றன, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லையே என்றார். நிமிர்ந்து, தணிந்த குரலில் கேட்டார். “நீ அங்கே எதை மறைத்து வைத்திருக்கிறாய்?”

அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். எங்கள் ஊர் ராணுவ முகாமின் அதிகாரி ஒருநாள் என் அலுவலகத்துக்கு வந்தான். ஊரின் படம் ஒன்று வேண்டும், வீடுவீடாக இருக்க வேண்டும், எந்த வீட்டில் எத்தனை இளந்தாரிகள் என்று குறித்திருக்க வேண்டும் என்றான். இரண்டு நாள் தாருங்கள் என்று கேட்டேன். அந்த இரண்டாவது நாளில் நான் கொழும்பு ரயிலில் இருந்தேன். எட்டு வருடத்தில் நான் வரைய மறுத்த ஒரே படம் அது. இதையெல்லாம் என்னுடைய உடைந்த ஜெர்மனில், கைகளாலும் கராம்புகளாலும் சொல்லி முடித்தேன். பேர்னில் இதைச் சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்று கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். வாசித்தார். அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “என் அம்மாவுக்காக அந்தப் பீரங்கிகள் சுட்டிருக்காது. ஆனால் ஒருநாளும் அவவைப் பார்த்துத் திரும்பியதில்லை. இந்த வித்தியாசத்தை நீ சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?”

மேன்முறையீட்டில் மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஷெஃப் இரண்டு பேருக்கும் லீவு போட்டு, கலியாணத்துக்குப் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நடையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கண்ணாடி போட்ட ஓர் அம்மையார், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். எந்த ஊர் என்று கேட்டா. கடதாசி தாருங்கள் என்றேன். நீரேரி, வீதி, கோயில், முகாம் என்று கை பழக்கத்தில் ஓடியது. வீட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது. இதுவரை அம்மாவைக் காப்பாற்றியது நான் விட்ட வெறுமைதான் என்று நினைத்திருந்தேன். அதில் இப்போது நானே ஒரு பெட்டி கீறி, அம்மாவின் பெயரை எழுத வேண்டும். எழுதினேன். துரோகி என்று என்னை நானே திட்டிக்கொண்டு எழுதினேன். முகாமுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டா. அறுநூற்று நாற்பது மீற்றர், நானே அளந்தது என்றேன். சில மாதங்கள் கழித்து, சுவிசில் இருக்கலாம் என்று கடிதம் வந்தது. ஷெஃப் கை குலுக்கிவிட்டு, வெங்காயம் தடிப்பாக வெட்டியிருக்கிறாய் என்று ஏசினார்.

அந்தப் பூந்தொட்டிக் கொட்டிலுக்குள் மறைத்து வைத்திருந்த பீரங்கி இப்போது இல்லை. மலைக்குள் தோண்டிய குகையில் பாற்கட்டி பதப்படுத்துகிறார்கள், டிக்கட் வாங்கிப் போய்ப் பார்க்கலாம். போன வருடம் ஷெஃப்பும் நானும் போனோம். இருவருமே ஓய்வு பெற்றுவிட்டோம், இருவருக்குமே முழங்கால் வலி. வழிகாட்டிப் பெண் சொன்ன இரண்டு விஷயங்களை ஷெஃப் திருத்தினார், அவ பொறுமையாகக் கேட்டுக்கொண்டா. இறங்கி வரும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, உன் அம்மா அந்த வருடம் எழுதியதை எனக்கு இன்னொரு தரம் சொல் என்றார். முன்பே பல தரம் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் சொன்னேன்.

அனுமதி கிடைத்ததும் அம்மாவுக்கு எழுதினேன். ஊர்ப் பெயரையும் உங்கள் பெயரையும் சொல்லிவிட்டேன், வீட்டையும் கீறிக் காட்டிவிட்டேன், உங்களுக்கு ஏதும் வந்தால் நான்தான் காரணம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மூன்று பக்கம் எழுதினேன். ஆறு கிழமை கழித்து, சித்தியின் விலாசத்திலிருந்துதான், பதில் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை.

“அதுக்கேன் ராசா அழுறாய். நீ வெளிக்கிட்டுப் போன கிழமையே அவங்கள் வீட்டை வந்திட்டாங்கள். பிறகும் நாலைஞ்சு தரம் வந்தவங்கள். நீ யோசிப்பாய் எண்டு எழுதேல்லை. படம் கீறுற மகன் எங்கை எண்டு கேட்டாங்கள். எனக்குப் பிள்ளையே பிறக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டன். சுவரிலை கிடந்த உன்ரை படத்தையும் அண்டைக்கே அடுப்பிலை வைச்சிட்டன். பெத்தவள் சொல்லக்கூடாத சொல்லுத்தான். குறை நினையாதை.”