வெளிச்சப் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள்

நான் பொய் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் தலைக்கேறிவிட்டது என்று என் கணவரே சொல்லிப் பார்த்துவிட்டார். நான் டெக்சஸில் பிறந்தவள், பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எனக்கா வெயில்? இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது.

அன்று சனிக்கிழமை, தம்பி ராய்ஸின் பிறந்தநாள். பிளம் கிங் சோடா என்றால் அவனுக்கு உயிர். காலையில் காபிக்குப் பதில் அதைத்தான் குடிப்பான். அந்தச் சோடாவின் பழைய தொழிற்சாலையை மியூசியமாக்கியிருந்தார்கள். கூட்டிப்போனேன்.

"இது சோடா இல்லக்கா, மருந்து."

"மருந்துன்னா உன் தொப்பை ஏண்டா இப்படித் தள்ளிக்கிட்டு நிக்குது?"

எங்களோடு மாடிக்கு ஏறியவர் ஒரே ஒருவர்தான். சிவப்புச் சட்டை, ஓக்லஹோமாக்காரர். மேலே பழைய இயந்திரங்கள். பாட்டில் கழுவும் தொட்டி, மூடி போடும் இயந்திரம்... கடைசியில், சுவரில் ஒரு வெள்ளை வெளிச்சப் பலகை. அதற்கு எதிரே நாற்காலியில் ஒரு பெண். கூந்தலுக்கு வலை போட்டிருந்தாள். வெளிச்சத்தைத் தாண்டிப் போகும் பாட்டில்களில் அழுக்கோ விரிசலோ இருந்தால் எடுத்துவிடுவது அந்தக் காலத்து வேலை. வேஷம் போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் பாட்டில் ஒன்றுகூட இல்லை.

பலகைக்கும் அவளுக்கும் நடுவில்தான் வழி. முதலில் நான் கடந்தேன். அவள் கண்கள் என்மேல் ஊர்ந்தன... விட்டுவிட்டன.

அடுத்து சிவப்புச் சட்டைக்காரர். அவள் கையை நீட்டி அவர் தோளை நகத்தால் தட்டினாள்.

டிங்...

சட்டையில் தட்டினால் கண்ணாடிச் சத்தமா வரும்?

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. "இங்க மட்டும் ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றபடி இறங்கிப் போனார்.

பின்னால் ராய்ஸ். அவள் கை மறுபடி எழுந்தது.

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"ஏய்... கையை எடு!"

ஈரம். பனிக்கட்டிக் குளிர். ஐந்து விரலையும் இறுக்கினேன்.

"யாருகிட்டக்கா பேசுற?"

"நீ நட. நிக்காதடா, நட!"

நடந்தான். கடந்தான்.

அவள் இழுத்தாள்... நான் விடவில்லை.

"அவன் என் தம்பி. தொட்டுப் பாரு, தெரியும்."

வெளிச்சம் அணைந்தது.

என் கையில் ஒன்றுமில்லை. நாற்காலி இல்லை. பலகையும் இல்லை. வெறும் செங்கல் சுவர்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் சிறு கூட்டம். திறந்த கார்க் கதவுக்குப் பக்கத்தில் சிவப்புச் சட்டைக்காரர் கிடந்தார். மூச்சு இல்லை.

ராய்ஸை ஏற்றிக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு வண்டியை விட்டேன். "எனக்கு ஒண்ணுமே இல்லக்கா, உனக்குத்தான் பைத்தியம்!" என்று வழியெல்லாம் திட்டினான் ராய்ஸ். அவன் இதயக் குழாய் கிட்டத்தட்ட முழுக்க அடைத்திருந்தது. மறுநாளே அறுவை சிகிச்சை. பிழைத்துக்கொண்டான்.

அந்தப் பக்கமே போகாதே என்றார்கள் எல்லோரும். போனேன். மியூசியத்தில் வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன்.

"வெளிச்சப் பலகையா? அதைக் கழட்டிப் போட்டு ரொம்ப வருஷமாச்சேம்மா. படம் மட்டும்தான் இருக்கு."

படத்தில்... அவளேதான்.

"இவங்க எப்படிச் செத்தாங்க?"

"சாகலையே! இவங்க பேரு ஓப்பல். இந்த ஊர் முதியோர் இல்லத்துலதான் இருக்காங்க. பேச்சு மட்டும் நின்னுபோச்சு."

அன்றே அங்கும் போனேன். கட்டிலில் சுருங்கிப்போன ஒரு கிழவி. பிடித்துப்போக வந்தாளா, எச்சரிக்க வந்தாளா... இன்றுவரை எனக்குத் தெரியாது.

நர்ஸ் போர்வையைச் சரிசெய்தாள். கிழவியின் வலது மணிக்கட்டில் நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும் கருநீலமாகப் பதிந்திருந்தன.

"யாரு இப்படிப் புடிச்சாங்கன்னே தெரியலம்மா. போன சனிக்கிழமை மத்தியானம் திடீர்னு அலறினாங்க. ஓடி வந்து பார்த்தா ரூம்ல யாருமே இல்ல."

என் விரல்களை அந்தத் தடத்தின்மேல் வைத்தேன். அச்சுப் பிசகாமல் பொருந்தின.

காதருகே குனிந்தேன்.

"மறுபடி வந்தா, மறுபடி புடிப்பேன்."