ஏட்டு எழுதிய பலாப்பழப் பட்டியல்

வண்டியைக் கைப்பற்றும் விதிகளை நான் மனப்பாடமாகச் சொல்வேன். எண்பதுகளின் தொடக்கத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு ஸ்டேஷனுக்கு ஏட்டாகப் போனபோது என்னிடமிருந்த ஒரே திறமை அதுதான். ஓடமாட்டேன். லத்தி சுழற்றினால் என் முழங்காலில்தான் படும். விதி மட்டும் தெரியும்.

அந்த விதிகளை எழுதியவர் பட்டணத்துக்காரராக இருக்க வேண்டும். ஓட்டுநர் இல்லாத வண்டியை ‘தக்க இழுவை வாகனத்தைக் கொண்டு’ ஸ்டேஷனுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கள் ஸ்டேஷனில் இருந்த ஒரே வாகனம் சைக்கிள். அதற்கு ஸ்டாண்டு கிடையாது, சுவரில்தான் சாத்துவோம்.

மலைக்குப் பஸ் அபூர்வம், ஜீப்புதான் எல்லாம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, மலைப்பாதையின் கடைசி வளைவில் அப்படி ஒரு ஜீப்பை நிறுத்தினேன். பத்துப் பேர் போகலாம் என்ற வண்டியில் இருபத்தாறு பேர். பானெட் மேல் மூன்று பேர் இருந்ததால் என்னை ஓட்டுநர் தாமதமாகத்தான் பார்த்தார். பார்த்ததும் சாவியை உருவிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார். ஜனங்கள் இதற்குப் பழகியவர்கள். முணுமுணுக்காமல் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போய்விட்டார்கள்.

ஒருவர் மட்டும் இறங்கவில்லை. நாற்பது வயதிருக்கும், மலையில் சாமை விதைக்கிறவர். பின்சீட்டை மடக்கிப் பலாப்பழங்களை அடுக்கி, அவற்றின் நடுவே உட்கார்ந்திருந்தார்.

“எறங்குய்யா. வண்டிய சீஸ் பண்ணியாச்சு.”

“வண்டிய பண்ணுங்க ஏட்டையா. பழத்த நான் எட்த்துகினு போறேன்.”

நியாயமான பேச்சு. வேறு யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள். நான் விதி தெரிந்தவன். வண்டியில் உள்ள பொருள்கள் அனைத்தையும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பட்டியலிட வேண்டும். பட்டியலில் ஏறியதைக் கோர்ட்டு உத்தரவு இல்லாமல் யாரிடமும் கொடுக்கக் கூடாது. ஆகவே எழுதினேன். பலாப்பழம் இருபத்தொன்று. ஒவ்வொன்றின் சுற்றளவையும் கயிற்றால் அளந்து குறித்தேன். எல்லாப் பழத்தின் காம்பிலும் ஒரு வேப்பங்குச்சி அடிக்கப்பட்டிருந்தது. அதையும் விடவில்லை: ‘குச்சி, இருபத்தொன்று. நோக்கம் தெரியவில்லை.’

இழுவை வாகனத்துக்கு, பக்கத்து நிலத்தில் உழுதுகொண்டிருந்தவரின் காளைகளை அழைத்தேன். கிணற்றில் நீர் இறைக்கும் கமலைக் கயிற்றால் கட்டினோம். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்பதால் நான் உட்கார்ந்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது. நூறு அடி ஒழுங்காகப் போனது. பிறகு இறக்கம் வந்தது. ஜீப் காளைகளை முந்தப் பார்த்தது. காளைக்காரர் அலறினார்.

“யோவ் ஏட்டு! மாட்ட கொன்னுடுவ போலக்கீதே! பிரேக்க மிதிய்யா!”

“எதுய்யா பிரேக்கு?”

மிதித்த மூன்றில் ஒன்று அதுவாக இருந்தது. காளைகளை அவிழ்த்து வண்டிக்குப் பின்னால் கட்டினோம். அவை பின்பக்கம் சாய்ந்து பிடித்துக்கொள்ள, ஜீப் தன் எடையில் ஸ்டேஷனை நோக்கி இறங்கியது. பழக்காரர் கூடவே நடந்து வந்தார். ‘இழுத்து வந்த வாகனத்தின் விவரம்’ என்ற இடத்தில், ‘காளை, இரண்டு’ என்று எழுதினேன்.

ஸ்டேஷன் வாசலில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“குச்சி இன்னாத்துக்குன்னு கேக்காமயே எழுதிகினீங்களே ஏட்டையா. நேத்து அடிச்சது. காம்புல குச்சி அடிச்சா மூணாம் நாளு பழுத்துடும். ஞாயித்துக்கெழம சந்தவாசல் ஊர்ல என் தங்கச்சி கொழந்தைக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். இதான் சீரு.”

“திங்கக்கெழம கோர்ட்டு தொறந்ததும் வாங்கிக்கய்யா.”

“திங்கக்கெழம புழு வாங்கிக்கும்.”

பிறகு மெதுவாக மீதியைச் சொன்னார். தங்கையைக் கொடுத்த குடும்பமும் மலைக்குடும்பம்தான். ஒரு தலைமுறைக்கு முன்பு இறங்கிப்போய் மளிகைக் கடை வைத்தவர்கள். இறங்கினவர்களுக்குத்தான் மலை என்றால் இளக்காரம். மூத்த குழந்தையின் காதுகுத்துக்கு இவர் ஒரு பை சாமையோடு போயிருக்கிறார். அன்றிலிருந்து தங்கையின் மாமனார், அவள் சோறு போட்டுக்கொள்ளும்போதெல்லாம், “பாத்துத் துன்னும்மா, உங்கண்ணன் கொண்டாந்த சாம தீந்துடப் போவுது” என்கிறாராம். இந்த முறை வெறுங்கையோடு போனால் அவள் அந்த வீட்டில் நிமிர்ந்து நடக்க முடியாது.

சனிக்கிழமை காலை ஸ்டேஷன் முழுக்க வாசனை. ஈ, தேனீ எல்லாம் வந்துவிட்டன. முகாமிலிருந்து திரும்பிய எஸ்.ஐ. ஜீப்பைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“பழத்த எவன்யா எழுதச் சொன்னது?”

“விதிங்க ஐயா.”

“அந்தாள்கிட்ட அப்பவே தூக்கிக் குடுத்து அனுப்பியிருந்தா எந்த விதிய்யா வந்து கேக்கும்? இப்ப நம்பர் போட்டு, அளவு போட்டு, குச்சிய வேற எழுதி வெச்சிருக்க. போ. ஜட்ஜய்யா வூட்டுக்கே போய் நில்லு.”

மனு எழுதினேன். அழுகும் பொருள் என்று வாயால் சொல்லி நீதிபதி நம்பாவிட்டால்? ஒரு பழத்தை மாதிரிக்காகச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு டவுனுக்கு மிதித்தேன். லீவு நாளில் வீட்டு வாசலில் பலாப்பழத்தோடு நிற்கும் போலீஸ்காரனைப் பார்த்து நீதிபதியின் முகம் மாறியது.

“என்ன இது? யார் கொடுக்கச் சொன்னது?”

“கைப்பற்றின சொத்துங்க ஐயா. சாம்பிள்.”

மனுவைப் படித்தார். சுற்றளவுகள் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “வாசனை ஊரைத் தூக்குதே” என்றபடி, உரியவரிடம் ரசீது பெற்று உடனே ஒப்படைக்கும்படி மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாம்பிளைத் திரும்ப எடுத்துப்போகச் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் ஒரு பள்ளம். சாம்பிள் கேரியரிலிருந்து நழுவி ரோட்டில் பிளந்தது. நான் சைக்கிளை நிமிர்த்துவதற்குள் ஆடுகள் வந்துவிட்டன.

பழக்காரர் கோபப்படவில்லை. எண்ணிப் பார்த்தார், இருபது. தலையைச் சொறிந்தார்.

“ரெட்டப்படையில சீர் வைக்கக் கூடாதுங்களே.” ஒரு பழத்தைத் தூக்கி என் மேஜைமேல் வைத்தார். “இத நீங்க துன்னுங்க.”

ஆக, பத்தொன்பது. இருபத்தொன்றும் பெற்றுக்கொண்டதாக ரசீதில் கைநாட்டு வைத்தார். அவர் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றும்போது, என் சர்வீசில் முதல்முறையாக ஒரு ரேகை எனக்கு உறுத்தியது.

ஞாயிறு காலை அதே காளைகள், இந்த முறை பாரவண்டியில். நானும் யூனிபாரத்தில் கூடப்போனேன். ஏன் என்று எஸ்.ஐ. கேட்டதற்கு, சொத்துப் பாதுகாப்பு என்றேன்.

சந்தவாசலில் மாமனார் வாசலிலேயே நின்றார். முதலில் போலீசைப் பார்த்துப் பயந்தார். பிறகு கடைக்காரர் பழக்கத்தில் பழங்களை எண்ணினார்.

“பத்தொம்போது. மலையில மரம் காய்க்கலியா மாப்ள? இன்னாத்துக்குப் போலீசு? திருடிகினு வந்ததா?”

பின்னால் சிலர் சிரித்தார்கள். தங்கை கதவோரம் குழந்தையோடு நின்றிருந்தாள். அவள் தலை ஏற்கெனவே குனிந்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். பையிலிருந்து பட்டியலை எடுத்து, கோர்ட்டில் வாசிக்கும் குரலில் வாசித்தேன். பழம் ஒன்று, சுற்றளவு இவ்வளவு. பழம் இரண்டு, சுற்றளவு இவ்வளவு. எட்டாவது பழத்தில் சிரிப்பு நின்றது. மேளக்காரர்கள் கிட்டே வந்தார்கள். இருபத்தொன்றையும் வாசித்து, குச்சிகளையும் வாசித்து முடித்தேன்.

“இருபத்தொண்ணுன்றீங்க, இங்க பத்தொம்போதுதானே கீது?” என்றார் மாமனார். குரல் இறங்கியிருந்தது.

“ஒண்ணு ஸ்டேஷன்ல இருக்குது. ஒண்ணு ஜட்ஜய்யா வூட்டுக்குப் போச்சு.”

“ஜட்ஜய்யாவா? அவரு பாத்தாரா?”

“பாத்தாரு.”

“இன்னா சொன்னாரு?”

“வாசன ஊரத் தூக்குதுன்னாரு.”

நான் சொன்ன எதுவும் பொய்யில்லை. ஆடுகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாமனார் குனிந்து ஒரு பழத்தை மோந்து பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்: “பெரிய தட்டெல்லாம் கொண்டாங்கடா! தாய்மாமன் சீர முன்னால வையுங்க!”

தாய்மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை காது குத்திக்கொண்டது. அழுத அழுகையில் ஒரு சுளையை வாயில் வைத்தார்கள், நின்றது. ஜீப் சாவி மறுநாள் ஓட்டுநரோடு தானாக ஸ்டேஷனுக்கு வந்தது. அது வேறு பைல்.

நான் கிளம்பும்போது தங்கை வாசல்வரை வந்தாள்.

“அந்தக் காயிதத்த எனக்குக் குடுக்கிறீங்களாண்ணா?”

வழக்குக்குச் சம்பந்தமில்லாதவர்களுக்குப் பட்டியலின் நகலைத் தரக் கூடாது. மூன்றாவது கார்பன் நகலைக் கொடுத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசி நாலு பழம் மங்கலாக இருப்பதாகச் சொல்லித் திருப்பி நீட்டினாள். பேனாவை எடுத்து, அவள் போதும் என்கிறவரை, அழுத்தி எழுதிக் கொடுத்தேன்.