தாகத்துக்கு விழுந்த அடி

தண்ணீர் குடித்ததற்காக ஒரு நாயை நான் அடித்திருக்கிறேன். ஒரு தரம் அல்ல, பல தரம். அது எங்கள் வீட்டு நாய்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்செங்கோடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். டாக்டர் சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஆனால் சீட்டு இல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடநாட்டுக்குப் புறப்படுகிற ஓட்டுநர்கள், "ரெண்டு மாசத்துக்குச் சளி, காய்ச்சல், வயித்துவலி எல்லாத்துக்கும் சேர்த்துக் குடுங்க" என்பார்கள். கொடுப்பேன். திரும்பி வந்தபின் சிலர் என்னை டாக்டரே என்று கூப்பிட்டார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அப்படிக் கூப்பிடாதவர்கள்மேல் சின்ன வருத்தம் வரத் தொடங்கியது.

வீடு ஊருக்கு வெளியே தோட்டத்தில். நானும் மனைவியும், இரண்டு எருமைகளும், இந்த நாயும். பழுப்பு நிறப் பெட்டை. ரிக் வண்டிகள் நிற்கும் பட்டறையில் குட்டியாகக் கிடந்ததை என் மனைவிதான் முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். தனியாகப் பெயர் வைக்கவில்லை. சாமி என்று கூப்பிடுவாள், அது ஓடிவரும்.

மூன்றாம் வருட மழைக்காலத்தில் அதற்கு அரிப்பு வந்தது. வாலடியைக் கடித்துக்கொண்டே சுற்றும். பின்னங்காலால் காதைச் சொறியும்போது முழங்கால் கதவுப்பலகையில் இடிக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். முடி கொட்டி, இடுப்புக்குப் பின்னால் தோல் சிவந்து நீர் வடிந்தது. மனைவி வேப்பெண்ணெய் போட்டாள், மஞ்சள் அரைத்துப் பூசினாள். பலனில்லை. கடைசியில் இரண்டு பேருமாக அதைப் பக்கத்துத் தோட்டத்து மாட்டுவண்டியில் ஏற்றி அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நிதானமாகப் பேசுவார். முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது சொறி இல்ல. தெள்ளுப்பூச்சி கடி இதுக்கு ஒத்துக்கல. அலர்ஜி. ஒரு பூச்சி கடிச்சாலே போதும், உடம்பு பூராவும் எரியும்" என்றார். ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். முதல் ஐந்து நாள் காலையில் மூன்று, பிறகு இரண்டு, பிறகு ஒன்று, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் அரை. மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கூட்டி வரவேண்டும்.

"மாத்திரை அரிப்பைத்தான் அடக்கும், பூச்சியைக் கொல்லாது" என்றார். "இது படுக்கிற சாக்கையெல்லாம் கொளுத்துங்க. மாட்டுக் கொட்டாயி மண்ணை வழிச்சுப்போட்டுட்டுச் சுண்ணாம்பு அடிங்க. அதைச் செய்யலைன்னா நான் எழுதினதுல பிரயோசனம் இல்ல."

நான் தலையாட்டினேன். மருந்துக்கடைக்காரன் என்று சொல்லிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

மாத்திரை கொடுத்த இரண்டாம் நாளே அரிப்பு அடங்கிவிட்டது. நாய் நெடுநேரம் நீட்டிப்படுத்துத் தூங்கியது. மனைவி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தன நாளாச்சுங்க இது இப்படித் தூங்கி" என்றாள். நானே கண்டுபிடித்த மருந்துபோல எனக்குப் பெருமையாக இருந்தது.

சாக்கைக் கொளுத்தவில்லை. கொட்டகை மண்ணை வழிக்கவில்லை. அப்போது கடலைக்காய் பிடுங்குகிற சமயம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். மூன்று வாரம் முடிந்து மாத்திரையை நிறுத்தியதும் நாய் மறுபடி வாலைக் கடித்தது. மறுநாள் கடையிலிருந்து ஒரு பட்டை எடுத்து வந்து மூன்று மாத்திரை கொடுத்தேன். அடங்கியது.

மனைவி, "டாக்டரு திரும்ப வரச் சொன்னாருங்களே" என்றாள்.

"அவரு என்ன புதுசாச் சொல்லப்போறாரு? இதே மாத்திரையத்தான் எழுதுவாரு" என்றேன்.

அப்படியே ஏழு மாதம் ஓடியது. குறைத்துக்கொண்டு வந்தால் அரிப்பு தலைகாட்டும், உடனே மூன்றுக்குப் போய்விடுவேன். பிறகு குறைப்பதையே விட்டுவிட்டேன்.

நாய் மாறிக்கொண்டு வந்தது. முதலில் பசி. எருமைக்கு ஊறவைத்த கடலைப் புண்ணாக்கில் வாயை வைத்தது. அடைகாத்த கோழியின் கீழிருந்து முட்டையைத் தின்றது. பிறகு தாகம். மாட்டுத் தொட்டியில் தலையை விட்டால் எடுக்காது. வயிறு பானைபோலத் தொங்கியது, கால்கள் மெலிந்தன. கூடவே வீட்டுக்குள் மூத்திரம். மூன்று வருடமாக வாசற்படிக்குள் ஒரு சொட்டு விடாத நாய், படுத்த இடத்திலேயே நனைத்தது.

நான் புளிய விளாறால் அடித்தேன். மூக்கை ஈரத்தில் அழுத்தி அடித்தேன். அது கத்தாது. வயிறு தரையில் தேய ஒட்டிக்கொண்டு என்னையே பார்க்கும்.

"அடிக்காதீங்க. அதுக்குத் தாகமுங்க. அத்தனை தண்ணியக் குடிச்சா எங்க அடக்கும்?" என்றாள் மனைவி.

"அப்படின்னாத் தண்ணி குடிக்கக் கூடாது" என்றேன். அதன் தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். மாட்டுத் தொட்டிமேல் பலகை போட்டு மூடினேன். சித்திரை வெயிலில், பகலெல்லாம் அதைக் கட்டிப்போட்டு, காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு என்று கணக்குப் பண்ணி ஊற்றச் சொன்னேன். நான் கடைக்குப் போனபின் மனைவி சட்டியை நிமிர்த்தி வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை. நாய் பிழைத்திருந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் கடைக்கு எடப்பாடிப் பக்கத்து நெசவாளி ஒருவர் வந்தார். வயதானவர், இரைப்புக்காரர். அவர் சீட்டிலும் அதே சின்ன வெள்ளை மாத்திரைதான். வாங்கிக்கொண்டு, "இந்த மாத்திர தின்னதுலருந்து பாழாப்போன தாகமுங்க சாமி. ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு வெளிய போறேன்" என்றார்.

"அது மாத்திரையாலதானுங்க" என்றேன். "தாகம் எடுக்கும், பசி எடுக்கும், வயிறும் மூஞ்சியும் ஊதும். பயப்படாதீங்க. டாக்டரு கொறைக்கச் சொல்லாம நீங்களா மட்டும் திடீர்னு நிறுத்திப்போடாதீங்க."

எத்தனையோ பேரிடம் சொன்ன வாசகம் அது. அன்றைக்கு அதைச் சொல்லி முடித்து மீதிச் சில்லறையை அவர் கையில் வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் போனபிறகு மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியாத எதுவும் அதில் இல்லை.

அன்றைக்கே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போனால் ஏழு மாதக் கதையைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து மிச்ச மாத்திரைகளை வேலியோரம் குழி தோண்டிப் புதைத்தேன். மறுநாள் காலையிலிருந்து ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. நெசவாளியிடம் எதைச் செய்யாதீர்கள் என்றேனோ அதையே செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. நடந்தது யாருக்கும் தெரியாமல் முடிந்துபோக வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

நான்காம் நாள் நாய் எழுந்திருக்கவில்லை. முந்தின நாளே சோற்றைத் தொடாமல் வாந்தி எடுத்திருந்தது. மனைவி சாமி, சாமி என்று கூப்பிட்டும் தலையைத் தூக்கவில்லை, வாலின் நுனி மட்டும் அசைந்தது. தொட்டால் கால்கள் சில்லென்றிருந்தன. அவள் அதை மடியில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள். நான் ஓட்டினேன்.

டாக்டர் ஈறை அழுத்திப் பார்த்தார். வயிற்றைத் தடவினார். தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டு என்னைக் கேட்டார்.

"நான் எழுதின மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?"

"நீங்க சொன்ன மாதிரி மூணு வாரத்துலயே நிறுத்திட்டேனுங்க" என்றேன்.

"அப்புறம் கொடுக்கவே இல்லையா?"

"இல்லீங்க."

அவர் ஒரு கணம் நாயின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப வெளியில எங்கயாவது விஷத்தைத் தின்னிருக்குமோ" என்று உதவியாளரிடம் சொல்லி வேறு மருந்து எடுக்கப் போனார்.

என் மனைவி நாயின் தலையில் கைவைத்தபடி நின்றிருந்தாள். ஆண்கள் பேசும் இடத்தில் அவள் பேசி நான் கண்டதில்லை. "சாருங்க" என்று கூப்பிட்டாள். "நாலு நாளைக்கு முன்ன வரைக்கும் தெனமும் மூணு மாத்திரை குடுத்தாருங்க. ஏழு மாசமா. நாலு நாளாத்தான் குடுக்கலீங்க."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. எடுத்த மருந்தை வைத்துவிட்டு வேறு ஊசியை எடுத்துப் போட்டார். குளுக்கோஸ் ஏற்றினார். ஏறி முடியும்வரை அவர் பேசியதெல்லாம் மனைவியிடம்தான். "இத்தனை மாசம் வெளியிலிருந்து கொடுத்ததால இதே மாதிரி மருந்தை இது உடம்பு தானா சுரக்கிறதை நிறுத்திடுச்சும்மா. திடீர்னு அறுத்துட்டா தாங்காது. மறுபடி கொடுத்து, மெதுவா, மாசக்கணக்குல கொறைக்கணும். தண்ணி எவ்வளவு கேட்டாலும் வைங்க."

"வெக்கிறேனுங்க" என்றாள்.

சீட்டை எழுதினார். நான் கையை நீட்டினேன். அவர் அதை மடித்து அவளிடம் கொடுத்தார்.

என் மனைவிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நாள்காட்டித் தாளில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டு, மாத்திரையைக் கத்தியால் பாதியும் காலுமாக வெட்டி, ஒருநாள்கூடத் தவறாமல் குறைத்தாள். என்னிடம் கேட்கவில்லை. நான் சாக்குகளைக் கொளுத்தினேன், கொட்டகையில் முழங்கை ஆழம் மண்ணை வழித்தேன், சுண்ணாம்பு அடித்தேன். இரண்டு நாள் வேலை, அவ்வளவுதான். அந்த இரண்டு நாளைத் தராமல் ஏழு மாதம் கொடுமைப்படுத்தியிருக்கிறேன்.

நாய் பிழைத்தது. முடி பழையபடி அடர்த்தியாக வரவில்லை. மழைக்காலத்தில் கொஞ்சம் சொறியும், வேப்பிலைத் தண்ணீரில் குளிக்கவைத்தால் தணியும். மாலையில் நான் சைக்கிளில் வரும்போது எப்போதும்போல வேலிவரை ஓடிவரும். அதன் வால் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளி நடப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மனைவி அந்த நாளைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. நாய் இன்னும் நான்கு வருடம் இருந்து, ஒரு பங்குனியில், வயதாகி, தென்னை நிழலில் செத்தது.

டாக்டரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். பொய்யைப் பற்றி மட்டுமல்ல, அடித்ததையும், சட்டியைக் கவிழ்த்ததையும். அது அவருக்குத் தெரியாது. கடை வழியாக அவர் ஸ்கூட்டரில் போவதைப் பார்த்தால் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அடுத்த வருடம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது என்று கடையில் யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.