மலையேற்றப் பந்தயமும் எங்கள் வாடகை மோட்டாரும்

அன்று என் கொழுந்தன் சகாயம் மோட்டாரைவிட்டுக் குதிக்காமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவன் கால் தப்பியிருக்குமா, அல்லது அவனும் என் கணவரும் மோட்டாரோடு பள்ளத்தில் போயிருப்பார்களா? நான் அது நடந்த மலை வளைவில், கைக்குழந்தையோடு, நேரில் பார்த்துக்கொண்டு நின்றவள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை.

சொந்த மோட்டாரை வைத்துக்கொண்டு மலையேற்றப் பந்தயத்தில் இறங்குவது எப்படி என்று இந்தப் பக்கத்து இளைஞர்கள் இப்போது என் கணவரை வழிமறித்துக் கேட்கிறார்கள். அவர் பதில் சொல்வதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். நான் மோட்டார் ஓட்டியவள் அல்ல. ஆனால் அந்த மோட்டார்த் தொழிலில் என் பங்கும் உண்டு என்பதால் எழுதத் துணிகிறேன்.

1. எங்கள் தொழில்

என் கணவர் ஆசீர்வாதம் பீர்மேட்டில் வாடகை மோட்டார் ஓட்டுகிறார். தேயிலை எஸ்டேட் வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது விட்டுப்போன பழைய திறந்த மோட்டார் அது. கணவரின் தம்பி சகாயம் அதில் கிளீனர். நான் திருநெல்வேலிப் பக்கம் மிஷன் பள்ளியில் படித்து, எஸ்டேட் பள்ளியில் டீச்சராக இருந்து, பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள். பங்களாக்களிலிருந்து ஆங்கிலத்தில் வரும் சீட்டுகளைப் படித்து, எப்போது எங்கே வண்டி வேண்டும் என்று சொல்வதும், பதில் எழுதுவதும் என் வேலை. மோட்டாரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து அர்த்தம் சொல்வதும் நான்தான். கார்புரேட்டர், மாக்னெட்டோ, கிளட்ச் எல்லாம் எனக்கு முதலில் படங்களாகத்தான் பழக்கம்.

மலைப்பாதையில் கிளீனர் வேலை என்றால் துடைப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் மட்டுமல்ல. ஏற்றத்தில் இஞ்சின் நின்றால் வண்டி பின்னால் உருளும். பழைய வண்டிகளின் பிரேக் முன்னால் போகும்போது பிடிக்கிற அளவுக்குப் பின்னால் உருளும்போது பிடிக்காது. அதனால் இஞ்சின் இருமும்போதே கிளீனர் குதித்து, பின் சக்கரத்துக்கு அடியில் முக்கோண மரக்கட்டை ஒன்றைச் செருகுவான். டிரைவர் "கட்டை!" என்று கத்துவதற்குள் கட்டை விழுந்திருக்க வேண்டும். கத்திய பிறகு போடுகிறவனை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. சகாயம் மீசை முளைக்கும் முன்பே இந்த வேலைக்கு வந்தவன். அவனிடம் கட்டை போடும்படி எங்கள் வண்டியில் யாரும் கத்தியதே கிடையாது.

2. துரை கூப்பிட்டது

துரைமார் கிளப்பில் வருஷத்துக்கு ஒருமுறை பந்தயம் நடத்துவார்கள். தேயிலை ஃபேக்டரியிலிருந்து மேல் பங்களா வரை எஸ்டேட்டின் சொந்தப் பாதை. ஒவ்வொரு மோட்டாராக விடுவார்கள். குறைந்த நேரத்தில் ஏறியவருக்குக் கோப்பை. அவர்கள் தினமும் ஓட்டுகிற மோட்டார்தான் பந்தயத்துக்கும். சந்தைக்குப் போன வண்டியே மறுநாள் மட்கார்டு இல்லாமல் வந்து நிற்கும்.

தேயிலை விலை விழுந்து பல துரைமார் ஊர் திரும்பிய வருஷம் அது. ஓட்டத்துக்கு மோட்டார் போதவில்லை. சொந்த மோட்டார் உள்ள யாரும் சேரலாம் என்று கிளப்பில் முடிவு செய்தார்கள். எஸ்டேட் மேனேஜர் பெரிய துரையே எங்கள் வண்டியில் வந்து இறங்கும்போது சொன்னார்.

"ஆசீர்வாதம், நீ மோட்டார் நல்லா ஓட்றான். ஓட்டத்துக்கு வா. பயம் இருக்குதா?"

"பயம் இல்ல துரை. வண்டிதான் கிழவி."

"கிழவி நல்லா ஏறும். பொண்ணுதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டுத் துரை தானே சிரித்தார்.

என் கணவர் பந்தயத்தில் சேர்ந்ததற்குக் காரணம் கோப்பை அல்ல. கீழே சமவெளியிலிருந்து பஸ் வர ஆரம்பித்திருந்தது. வாடகை மோட்டார்காரர்கள் நிழலில் படுத்துத் தூங்கினார்கள். துரைமாரோடு ஓடி ஜெயித்த டிரைவர் என்று பெயர் வந்தால் பங்களா வாடகை முழுவதும் நம்மிடம்தான் வரும் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு எனக்கும் சரியாகவே பட்டது.

விதிகளை நான் படித்துச் சொன்னேன். டிரைவர் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் உட்கார வேண்டும். ஹாரன் அடிப்பதும் பின்னால் பார்ப்பதும் அவர் பொறுப்பு. வண்டி கிளம்பியதிலிருந்து மேலே போய்ச் சேரும்வரை அவர் கால் தரையில் படக்கூடாது. வண்டி நின்றுவிட்டால் உட்கார்ந்தபடியே பின்பக்கம் சிவப்புத் துணியைக் காட்ட வேண்டும்.

"கேட்டியாலே?" என்றார் கணவர் தம்பியிடம்.

"கேட்டேன். மாப்பிள்ளை மாதிரி உக்காந்து வரணும். அம்புட்டுத்தான?" என்றான் சகாயம்.

3. கழற்றினவை

வண்டியை இலேசாக்குவதுதான் முதல் வேலை. மட்கார்டு, ஹூட், முன் கண்ணாடி, பின் சீட்டு, கால்மிதிப் பலகை எல்லாவற்றையும் கழற்றினார்கள். எங்கள் வீட்டு முற்றம் கொல்லன் பட்டறை போல ஆகிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத்துப் பெண்கள் தண்ணீருக்குப் போகும்போது நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"மயினி, மட்கார்டு போச்சு, ஹூட்டு போச்சு. இனி அண்ணன் வேட்டியத்தான் கழத்தணும்" என்று அண்ணியான என்னிடம் சொன்னான் சகாயம்.

"ஏலே, வாய மூடிட்டு பிரேக்கப் பாரு" என்றார் கணவர்.

பிறகு பெட்ரோல். எங்கள் மோட்டாரில் பெட்ரோல் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். அங்கிருந்து தானாக வடிந்துதான் முன்னால் இஞ்சினுக்குப் போகும். வண்டி மூக்கைத் தூக்கி ஏறும்போது டாங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் இஞ்சினுக்கு எட்டாது. இது மலை டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெட்ரோலும் கனம்தானே. எவ்வளவு குறைக்கலாம் என்று பார்க்க, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அதே பந்தயப் பாதையில் ஏறிப் பார்த்தார்கள். ஓர் அளவில் நன்றாக ஏறியது. அதையே வைத்துக்கொண்டார்கள்.

"நிக்காதுல்லா?" என்று கேட்டேன்.

"நேத்து ஏறுன வண்டி இன்னைக்கு ஏறாதா? நீ பிள்ளையப் பாரு" என்றார் கணவர்.

கட்டையையும் இறக்கி வைத்துவிடும்படி அவர் சொன்னார். சகாயம் அதைக் காலடியில் தள்ளிக்கொண்டான். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும். அது இல்லாம மலையேறுனா எனக்கு இருப்புக் கொள்ளாது" என்றான். அவரும் விட்டுவிட்டார்.

4. மஞ்சு

பந்தயத்தன்று காலையில் மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி இறங்கியது. மேலிருந்து கீழே எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துத் தொடங்கலாம் என்றார்கள். எங்கள் இஞ்சின் குளிரில் ஒருமுறை நின்றால் சுழற்றி எடுப்பது பெரும்பாடு. அதனால் அதை நிறுத்தாமல் ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் பெட்ரோல் எரிந்துகொண்டிருந்ததை யாரும் நினைக்கவில்லை. நான் கீழே இருந்திருந்தாலும் நினைத்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

நான் மேலே, செங்குத்தான கொண்டை ஊசி வளைவில், லயத்துப் பெண்களோடு திட்டில் நின்றேன். மஞ்சு விலகியதும் ஓட்டம் தொடங்கியது. இரண்டு மோட்டார்கள் போயின. எங்கள் வண்டி வரும்போது சத்தத்திலேயே தெரிந்துகொண்டேன். பெண்கள் கைதட்டினார்கள். மஞ்சு மறுபடி கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது.

வளைவில் மூக்கைத் தூக்கியதும் இஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமி நின்றது. என் கணவர் காலாலும் கையாலும் பிரேக்கை இழுத்துப் பின்னால் சாய்ந்தது தெரிந்தது. சகாயம் அதற்குள் தரையில் இருந்தான். அவன் இறங்கியதை நான் பார்க்கவில்லை. இறங்கி இருந்ததைத்தான் பார்த்தேன். மலைப்பக்கத்துப் பின் சக்கரத்தடியில் மண்டியிட்டுக் கட்டையை அறைந்தான்.

வளைவில் காவலுக்கு நின்ற எஸ்டேட் வாட்சர் கீழே பார்த்துச் சிவப்புத் துணியை வீசினான். மஞ்சு அதை விழுங்கிவிட்டது. எங்களுக்கு அடுத்து விடப்பட்ட, உதவி மேனேஜர் சின்னதுரையின் மோட்டார் மஞ்சுக்குள்ளிருந்து வந்தது. முன்னால் எங்கள் வண்டி நிற்கிறது. ஒரு பக்கம் பள்ளம். யாராக இருந்தாலும் மலைப்பக்கம்தான் ஒடித்திருப்பார்கள். அவரும் ஒடித்தார். அந்த இடைவெளியில் சகாயம் இருந்தான்.

அவர் மோட்டார் மலையோரக் கல்கட்டில் மோதி நின்றது. சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் அவன் கால்.

"கட்டை விழுந்துட்டு அண்ணே. வண்டி நிக்கும்" என்றான்.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எங்கள் வண்டியில் இருந்த பெட்ரோல் போதாது. சின்னதுரையின் வண்டியிலேயே கொண்டுபோனார்கள். அந்தப் பிள்ளைத் துரை டிரைவர் சீட்டைவிட்டு இறங்கி இடம் விட்டார்; என் கணவர்தான் ஓட்டினார். கீழே சமவெளி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள்.

பெரிய துரை பார்க்க வந்தார். கட்டிலருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ரொம்ப பாவம். ஆனா யார் எறங்க சொன்னது? ரூல்ல எறங்க இல்ல."

"எறங்கலன்னா உங்க ரூலு வந்து வண்டியப் பிடிக்குமா துரை?" என்றான் சகாயம்.

துரைக்குப் புரியவில்லையோ, புரியாதது போல் இருந்தாரோ, பழம் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்கிவிட்டதால் எங்கள் வண்டி நீக்கப்பட்டது என்று கிளப்பிலிருந்து பிறகு சீட்டு வந்தது. நான் படித்துச் சொன்னேன். அதுவும் என் வேலைதான்.

5. கால் தின்ன வண்டி

வண்டிக்கு ஸ்டாண்டில் இப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். பஸ் பாதி வாடகையை எடுத்தது. இந்தப் பெயர் மீதியை எடுத்தது. என்னிடம் படித்த பிள்ளையின் தாய், பக்கத்து எஸ்டேட் கணக்கப்பிள்ளையின் மனைவி, நேராகவே சொன்னாள். "கோவிச்சுக்காதிய டீச்சர். எம்மக நெறமாசம். அந்த வண்டியில ஏத்த மாட்டேன்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. நானாக இருந்தாலும் ஏற்றமாட்டேன்.

வீட்டில் அண்ணனும் தம்பியும் சாப்பிடும்போது அதே பேச்சு வரும்.

"பிரேக்கு பிடிச்சிட்டுலே. நீ உக்காந்திருந்தாப் போதும்."

"சக்கரம் சுத்திச்சு. நான் பாத்தேன்."

"எங்க சுத்திச்சு? நான்லா மிதிச்சிட்டு இருக்கேன்."

"மயினி பாத்தாவல்லா? கேளு."

இருவரும் என்னைப் பார்ப்பார்கள். சக்கரத்தடியிலிருந்து ஒரு கல் தெறித்ததை நான் பார்த்தேன். சக்கரம் பின்னால் உருண்டதால் தெறித்ததா, சகாயத்தின் கால் பட்டுத் தெறித்ததா? உருண்டது என்று சொன்னால் என் கணவரின் பிரேக் பிடிக்கவில்லை என்றாகும். உருளவில்லை என்று சொன்னால் அவன் கால் வீணாகப் போயிற்று என்றாகும். நான் குழந்தைக்குச் சோறு பிசைகிறேன் என்று எழுந்துவிடுவேன்.

இதைப் படித்துச் சொந்த வண்டியோடு இறங்க நினைக்கிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். இரும்பைக் கழற்றுங்கள்; பெட்ரோலைக் குறைக்காதீர்கள். பழகிப் பார்த்தபோது போதுமாக இருந்த அளவு, இஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க நேர்ந்தால் போதாது. பிரேக்கை ஏற்றத்தில், பின்னால் உருளவிட்டுச் சோதியுங்கள். முன்னே போன வண்டி மேலே சேர்ந்தது என்று தெரியாமல் அடுத்ததை விடும் பந்தயத்தில் சேராதீர்கள். பக்கத்தில் உட்கார வைக்க நல்ல கிளீனரைத் தேடாதீர்கள். வருஷக்கணக்காகக் குதித்த உடம்புக்கு ஒரு காலையில் உட்காரச் சொல்லிக் கொடுக்க முடியாது.

6. இந்த வருஷம்

மழை நின்றதும் மறுபடி பந்தயம். கிளப்பில் எங்களைத் தடுக்கவில்லை. என் கணவர் மட்கார்டுகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு தடவ மேல போய் நிக்கட்டும். பெறவு எவன் அந்தப் பேரைச் சொல்லுவான்?" என்கிறார். கோபமாகச் சொன்னால் எதிர்த்துப் பேசலாம். கெஞ்சுவது போலச் சொல்கிறார்.

பக்கத்தில் தானே உட்காருவதாகச் சகாயம் சொல்லிவிட்டான். "பயப்படாதிய மயினி. இனி குதிக்க மாட்டேன். குதிக்கதுக்குக் கால் வேணும்லா?" அவன் மட்டும் சிரித்தான்.

அவன் உட்காரவில்லை என்றால் அண்ணன்மேல் பழி சுமத்தியதாக ஊர் சொல்லும் என்று அவன் பயப்படுகிறான். உட்கார்ந்தால், வண்டி நின்ற கணத்தில் அவன் இல்லாத காலை ஊன்றப்போய் விழுவான் என்று நான் பயப்படுகிறேன். படுக்கையிலிருந்து எழும்போது இன்னும் அப்படித்தான் விழுகிறான்.

இந்த வண்டியின் ஒவ்வொரு சத்தமும் தெரிந்த வேறொருவர் உண்டு. நான்தான். எனக்குக் குதிக்கும் பழக்கம் இல்லை. துரைசானிமார் தங்கள் புருஷர்களோடு உட்கார்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் பிள்ளை இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கிறான். நானே உட்காரலாம் என்ற இந்த நினைப்பை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

சேருவதற்கான கடிதத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டியவள் நான். ஓட்டுபவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதிவிட்டேன். பக்கத்தில் உட்காருபவர் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. நான் எழுதாவிட்டால் வண்டி ஓடாது. ஓடாவிட்டால் வண்டிக்கு அந்தப் பெயரே நிலைத்துவிடும். மலைப்பாதையில் மோட்டார் ஓட்டுகிறவர்களும், அவர்களுக்காக வீட்டில் காத்திருக்கும் பெண்களும் இதைப் படித்தால் தயவுசெய்து எனக்கு யோசனை சொல்லுங்கள். அந்த இடத்தில் நான் யார் பெயரை எழுதட்டும்? அல்லது அவர் பெயரையும் அடித்துவிடட்டுமா?