அரை வாட் ஆனந்தன்

செல்போனின் முதுகில் ஒரு பெப்பர்மின்ட் டப்பாவை வைத்து ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டிருக்கிறார் ஆனந்தன். செங்கல்பட்டிலிருந்து ரயில் கிளம்பப்போகிறது, உட்கார இடமில்லை. டப்பாவிலிருந்து ஒரு குட்டை வயர் போனுக்குப் போகிறது. இன்னொரு நீளமான வயர், அவர் தலையில் கவிழ்ந்திருக்கும் கிண்ணம் கிண்ணமான ஹெட்போனுக்கு ஏறுகிறது. டப்பாவின் விளிம்பில் ஒரு சிவப்புப் பொட்டு எரிகிறது. எதிர் இருக்கை அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரைத் தட்டி எழுப்பினார்.

"எந்திரிப்பா, பாவம், ஹார்ட்டு மிஷினை மாட்டிகினு நிக்கிறாரு."

பாட்டு இன்னும் தொடங்கவில்லை என்பதால் ஆனந்தன் காதில் இது தெளிவாகவே விழுந்தது. லேசாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அச்சரப்பாக்கத்து விவசாயக் குடும்பம். கூடுவாஞ்சேரியில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனைப் பிரிவு. நாளெல்லாம் கல் அறுக்கும் மிஷின் அலறும் இடம். அந்த அலறலுக்கு ஈடுசெய்துகொள்ளத்தான் ரயிலில் இந்த ஏற்பாடு. ஹெட்போன், மாமல்லபுரத்தில் அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குத் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுச்சென்றது. முந்நூறு ஓம் தடை உள்ள கனமான சாமான். போனில் நேரடியாகச் செருகினால் நகராது. "கொசு, கிணத்துக்குள்ள உக்காந்துகினு பாடற மாரி கீது சார்" என்று, அதே தெருவிலிருந்து அதே ரயிலில் போகும் என்னிடம் சொன்னார். அதைத் தள்ளிவிடத்தான் டப்பாவுக்குள் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். செங்கல்பட்டில் செல்போன் பழுது பார்க்கும் ஆல்வின் செய்து கொடுத்தது. மகன் 'முந்நூறு ஓம், முந்நூறு ஓம்' என்று போனில் யாரிடமோ பேசுவதைக் கேட்ட தாயார் பொன்னி, பிள்ளை ரயிலில் தினமும் முந்நூறு முறை ஓம் சொல்வதாகத் தெருவில் பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிறார். நானும் திருத்தவில்லை. நாட்டில் இதைவிடப் பலவீனமான ஆதாரத்தில் சாமியார்கள் இருக்கிறார்கள்.

டப்பாவுக்கு உணவு, சதுரமாக இருக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரி. தீர்ந்தால் மறுபடி சார்ஜ் ஏற ஒரு ராத்திரி ஆகும். சார்ஜ் ஏறும்போது அதில் பாட்டுக் கேட்கமாட்டார். "துன்னுகினே தூங்க முடியுமா சார்? பேட்டரிக்கும் அப்பிடித்தான்." அப்படி என்னதான் கேட்கிறார் என்று ஒருமுறை வாங்கி மாட்டிக்கொண்டேன். பழைய சினிமாப் பாட்டு. பல்லவி வருவதற்குள் அவர் விரலை உயர்த்தினார். "பாட்டை யார் வேணா கேப்பாங்க. பாடறதுக்கு முன்ன அந்தம்மா மூச்சை இஸ்துக்கறாங்க பாருங்க... அது." கேட்டது. எனக்கு இத்தனை வருடமாகக் கேட்டிராதது கேட்டதில் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

பாட்டு கேட்பதில் இப்படி ஓர் எதிரி முளைக்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். முப்பத்துநாலு வயதாகிவிட்ட அவருக்குப் பெண் தேடினார்கள். வயரோடு அவரைப் பார்த்த யாரோ 'பையன் காது மிஷின் வச்சிருக்கான்' என்று கிளப்பிவிட, வந்த இடங்களெல்லாம் பாதி வழியில் திரும்பின. "மிஷின் இல்லீங்க, ஆம்ப்ளிஃபயர்" என்று பொன்னி விளக்கியது இன்னும் மோசமாயிற்று. கேட்காத காதுக்குத்தானே சத்தத்தைக் கூட்டுவார்கள்? கடைசியில் தரகர் தனகோடி அந்த வார்த்தையையே தூக்கிக்கொண்டு பூஞ்சேரிக்குப் போனார். மைக் செட் வைத்திருக்கும் திருவேங்கடத்திடம், "பையன் சொந்தமா ஆம்ப்ளிஃபயர் வெச்சிகீறான்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். பொய் சொல்லாமல் ஏமாற்றுவது தரகுத் தொழிலின் உயர்ந்த பட்டம்.

பெண் பார்க்கப் போகும் வேனில் ஆள் குறைகிறதென்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் ஆனந்தன் ஹெட்போனைக் கழற்றவில்லை, பயம். திருவேங்கடம் வீட்டு வாசலில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றோடு குடித்தனம் செய்ததில் அவருக்கு மெதுவாகப் பேசுவது மறந்துபோயிருந்தது.

"தம்பி செட்டு எத்தினி வாட்ஸு?"

ஆனந்தனுக்குப் பொய் வராது. "அரை வாட்டு கூட வராது மாமா."

"அரை வாட்டா? அதுல எப்பிடி நைனா கூழ் ஊத்தற திருவிழா பண்ணுவ?"

"ஒருத்தர்தான் கேக்க முடியும்." டப்பாவை எடுத்து நீட்டினார்.

திருவேங்கடம் டப்பாவைப் பார்த்தார், ஹெட்போனைப் பார்த்தார், காதைப் பார்த்தார். பிறகு மனைவி வசந்தா பக்கம் சாய்ந்து, அவர் கணக்கில் ரகசியமாக, "தே, சொன்னாங்கள்ல, காது டமாரம்னு, நெசந்தான் போலகீது" என்றார். ரகசியம் கிழக்குக் கடற்கரைச் சாலை வரை போயிருக்கும்.

"நல்லா கேக்குது மாமா" என்றார் ஆனந்தன்.

பொன்னி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தனகோடி கேசரியில் முந்திரியைத் தேடினார். இந்த வாசலும் மூடினால் இனி கேட்டுப் போக இடமில்லை என்பது வேனில் வந்த எல்லோருக்கும் தெரியும்.

அப்போது பெண்ணே வந்தாள். துர்காதேவி. அப்பாவின் கச்சேரி மேடைகளில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் முன்னால் உட்காருபவள் அவள்தான். ஹெட்போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எத்தினி ஓமு?"

"முந்நூறு."

"பின்ன போன்ல எப்பிடி வரும்?" என்று தானே சொல்லிக்கொண்டு மாட்டிக்கொண்டாள். ஆனந்தன் பாட்டைப் போட்டார்; பழக்க தோஷத்தில் விரலை உயர்த்தினார். அவள் புருவம் ஏறியது. "மூச்சு இழுக்கறாங்க!" என்று, ஹெட்போன் மாட்டியவர்கள் எல்லோரையும்போலக் கத்தினாள். மறு நொடியே புருவம் இறங்கியது. சிவப்புப் பொட்டு அணைந்திருந்தது.

வழியெல்லாம் கேட்டதில் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஆனந்தன் எப்போதும் மாற்றுக்கு இன்னொன்று வைத்திருப்பார். பேன்ட்டின் வலப்பையில் நிறைந்தது, இடப்பையில் தீர்ந்தது. இன்று பட்டு வேட்டி. பழக்கத்தில் தீர்ந்ததைக் கழற்றிப் பைக்குள் போட, இரண்டும் சட்டையின் ஒரே பையில் கலந்துவிட்டன. வெளியே எடுத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அரை வாட்டும் அவுட்டு!" என்றார் திருவேங்கடம்.

"சும்மா இருப்பா நீ."

துர்காதேவி ஆனந்தனின் உள்ளங்கையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் நுனிநாக்கில் வைத்தாள். ஒன்றுமில்லை. அடுத்ததை வைத்தாள். சுருக்கென்று கண்ணை இறுக்கி, தோளைக் குலுக்கினாள். இதே சதுர பேட்டரி போடும் கார்டுலெஸ் மைக்குகளோடு வளர்ந்த நாக்கு. சுருக்கென்றதை டப்பாவுக்குள் பொருத்திக்கொண்டாள். வசந்தா, "வெளியாளுங்க முன்னாடி இன்னாடி இது?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"தே, எப்ப கெளம்பறீங்க?" என்று பொதுவாகக் கேட்டாள் துர்காதேவி.

"இதோ, காபி குடிச்சிட்டு" என்றார் தனகோடி அவசரமாக.

அவள் தலையாட்டிவிட்டு, செத்த பேட்டரியோடு சுவரோரம் போனாள். மைக் பேட்டரிகளுக்கான சார்ஜரில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் செருகி, ஸ்விட்சைப் போட்டாள்.