தம்பியின் பங்குப் பிரசாதம்

டயட் டைரி என்று கடையில் அழகான நோட்டு விற்கிறார்கள். நான் வாங்கியது சாதாரண நாற்பது பக்க நோட்டு. என் எடை குறைந்தால்தான் தம்பிக்குக் கல்லீரல் கொடுக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பூப்போட்ட அட்டை ஒரு கேடா என்று தோன்றியது.

ஒரு சொட்டு குடித்தறியாதவன் என் தம்பி. துவாக்குடியில் ஒரு கல்லூரி லேபில் வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலம் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிடுவான். எப்போதோ வந்த காமாலை உள்ளேயே இருந்து அவன் ஈரலைத் தின்றுவிட்டது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ரத்தமும் பொருந்தியது. ஸ்கேனில் மட்டும் என் ஈரலில் கொழுப்பு என்று வந்தது. இளைத்துக்கொண்டு வா, கொழுப்பு கரைந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார் டாக்டர். வாயில் போடுவதை எல்லாம் எழுதி, பக்கத்திலேயே கலோரியும் போட வேண்டும்.

எழுதினேன். இட்லி இரண்டு, சாம்பார் ஒரு கரண்டி, சர்க்கரை இல்லாத காபி. ஆபீசில் பிறந்தநாள் கேக் வந்தால் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விடுவேன். பசியில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். இவ்வளவு பட்டினி கிடந்தும் எடை இருந்த இடத்திலேயே இருந்தது. ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரி மெஷினில் ஏறும்போதும் அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

அம்மா தினம் சாயங்காலம் தம்பிக்காக வேண்டிக்கொண்டு பெருமாளைச் சேவித்துவிட்டு வருவாள். கையில் தொன்னையில் சர்க்கரைப் பொங்கலோ புளியோதரையோ இருக்கும். அவனுக்கு உப்பு கூடாது, நெய் கூடாது. ஒரு பருக்கையை அவன் கண்ணில் ஒற்றிவிட்டு மீதியை என்னிடம் நீட்டுவாள். முதல் நாள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"பிரசாதத்தை வேண்டாங்கப்படாதுடி. அவன் பேரைச் சொல்லி வாங்கிண்டு வந்தது. உன் உடம்புலேர்ந்துதானே அவனுக்குப் போகப்போறது? நீ சாப்ட்டா அவன் சாப்ட்ட மாதிரி."

என் பங்கையும் அவன் பங்கையும் சேர்த்து நான்தான் சாப்பிட்டேன். நோட்டில் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. எங்கள் வீட்டில் பிரசாதத்தைச் சாப்பாடு என்று யாரும் சொன்னதில்லை. ஏகாதசி உபவாசத்தன்றுகூடத் தீர்த்தமும் துளசியும் வாங்கிக்கொண்டால் விரதம் முறிந்தது என்று யார் சொல்வார்கள்? பொங்கலையும் அந்தக் கணக்கிலேயே வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி டயட்டீஷியன் சின்னப் பெண். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வேற ஏதாவது சாப்பிடுறீங்களா மேடம்?" என்றாள். என்னைப் பொய்க்காரி என்கிறாளே என்று சுள்ளென்று வந்தது. பச்சைத் தண்ணீர்கூட அளந்துதான் குடிக்கிறேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. "ஸ்ரீரங்கத்துல இருக்கீங்க. கோயில் பிரசாதம் எதுவும்..." என்று இழுத்தாள். அதைப் போய் எழுதுவார்களா என்று கேட்டேன். அவள் கால்குலேட்டரை எடுத்தாள். ஒரு தொன்னைப் பொங்கல், நான் ஒரு வேளை முழுக்கச் சாப்பிடுவதைவிட அதிகமாக வந்தது.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் மட்டும் சொன்னேன். உப்பிக் கிடந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பெருமாளையும் டைரில ஏத்திட்டாளா?" என்றான். சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. அப்புறம் முகம் மாறி, "அம்மாகிட்ட சொல்லிடாதேக்கா. தாங்க மாட்டா" என்றான்.

அன்றிலிருந்து, குளித்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று தொன்னையை வாங்கி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒளித்து, மறுநாள் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். தம்பிக்காக அம்மா வேண்டிக்கொண்டது என்று சொல்லிக் கொடுத்தேன். பக்தியாக வாங்கிச் சாப்பிட்டார்கள். எடை மளமளவென்று இறங்கியது. ஸ்கேனிலும் கொழுப்பு குறைந்திருந்தது. இன்னும் கொஞ்சம்தான், அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அவனுக்கு அந்த அடுத்த மாதம் கிடைக்கவில்லை. காய்ச்சல் வந்தது, ரத்தத்தில் கிருமி என்றார்கள், ஐசியூவுக்குள் போனவன் திரும்பி வரவில்லை. தயாராக வைத்திருந்த என் ஈரல் என்னிடமே இருக்கிறது.

துக்கம் கேட்க என் ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்தாள். நல்ல மனசுக்காரி. என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க குடுத்தனுப்புற பிரசாதத்தைத் தினம் நாங்கதாங்க சாப்பிட்டோம். சாப்பிடும்போதெல்லாம் உங்க புள்ளைக்காக வேண்டிக்கிட்டுதான் சாப்பிடுவோம்" என்று அழுதாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அம்மா தலையை ஆட்டினாள். நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அவள் போனதும் அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். ஏன் ஆபீசில் கொடுத்தாய் என்றுதான் கேட்பாள், அபசாரம் என்று திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா திட்டவில்லை.

"எப்போலேர்ந்து அங்க குடுக்க ஆரம்பிச்சே?"

கொஞ்ச நாளாகத்தான் என்றேன்.

"அதுக்கப்பறந்தான் இளைச்சியா?"

எடை குறையாமல் நான் அழுததையும், பிறகு ரவிக்கை தொளதொளத்துப் பிடிக்கக் கொடுத்ததையும் கூடவே இருந்து பார்த்தவள். அவளிடம் என்ன பொய் சொல்ல? அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

தீட்டு கழிந்ததும் பக்கத்து வீட்டு மாமி சாயங்காலம் வந்து, வாங்கோ, பெருமாளைச் சேவிச்சுட்டு வரலாம், மனசுக்கு ஆறுதலா இருக்கும் என்று கூப்பிட்டாள். முழங்கால் வலி, நடக்க முடியவில்லை என்றாள் அம்மா. ஆறு மாதம் ஆகிறது. மாமி வந்து கூப்பிடும்போதெல்லாம் அதையேதான் சொல்கிறாள். என் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்ததே இல்லை.